செம்மஞ்சளாகப் பிறந்த ஒளி

பிரபஞ்சத்தின் எந்த மூலையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். விண்மீனோ கோளோ பக்கத்தில் இல்லாத வெறும் வெளியாக இருந்தாலும் சரி, அங்கே ஒரு கன சென்டிமீட்டர் இடத்துக்குள் எந்த நொடியிலும் சுமார் 411 ஒளித்துகள்கள் இருக்கும். எந்த விண்மீனும் அவற்றை உமிழவில்லை. விண்மீன் என்ற ஒன்று தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே அவை புறப்பட்டுவிட்டன. இன்றுவரை எரிந்த விண்மீன்கள் எல்லாம் சேர்ந்து வெளியிட்ட ஒளித்துகள்களைக் கூட்டினாலும் இவற்றின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வராது. இந்த ஒளிக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணி. நான் இதை ஆதி ஒளி என்றே சொல்லப்போகிறேன்.

பிரபஞ்சத்தின் பிறப்பையும் வளர்ச்சியையும் அருகிலிருந்து கண்ட சாட்சி இது. இதன் வாழ்க்கையைச் சொன்னாலே பிரபஞ்சத்தின் கதையில் பெரும்பகுதியைச் சொன்னதாகிவிடும். ஆனால் இந்தச் சாட்சிக்கும் ஆயுள் உண்டு. அது பேசிக்கொண்டிருக்கும் காலத்தில், அதைக் கேட்கும் கருவியோடு நாம் இருக்கிறோம் என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பிறப்பிலிருந்து தொடங்குவோம். முதல் நொடியின் பிரபஞ்சத்தில் பொருளும் எதிர்ப்பொருளும் ஏறக்குறைய சரிசமமாக இருந்தன. இரண்டும் சந்தித்தால் இரண்டுமே அழிந்து ஒளியாகிவிடும். அப்படியே நடந்தது. குவார்க்குகளும் எதிர்க்குவார்க்குகளும் முதலில் அழிந்தன. அடுத்த சில நிமிடங்களுக்குள் எலக்ட்ரான்களும் அவற்றின் எதிர்த்துகள்களான பாசிட்ரான்களும் அழிந்தன. கணக்கு முழுச் சமமாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஒளியைத் தவிர எதுவும் மிஞ்சியிருக்காது. ஏதோ ஒரு காரணத்தால் எதிர்ப்பொருள் நூறு கோடி என்றால் பொருள் நூறு கோடியே ஒன்று என்ற விகிதம் இருந்தது. மிஞ்சிய அந்த ஒன்றிலிருந்துதான் கேலக்ஸிகள், கடல்கள், நீங்கள், நான். அந்த ஓரவஞ்சனை எப்படி வந்தது என்பது இயற்பியலின் தீராத கேள்விகளில் ஒன்று. அழிந்தவற்றின் கணக்கு மட்டும் ஆதி ஒளியில் அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் பிரபஞ்சத்தில் ஒரு புரோட்டானுக்கோ நியூட்ரானுக்கோ ஏறத்தாழ 160 கோடி ஒளித்துகள்கள் என்ற விகிதம் நிலவுகிறது.

முதல் சில நிமிடங்களில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்து அணுக்கருக்கள் உருவாயின. எடையில் முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம், மிகச் சிறு அளவில் லித்தியம். அதோடு சமையல் முடிந்தது. கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இரும்புக்கும் விண்மீன்கள் பிறக்கும்வரை பிரபஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒளி பிறந்துவிட்டதே தவிர அதனால் எங்கும் போக முடியவில்லை. எலக்ட்ரான்கள் எந்த அணுக்கருவிலும் ஒட்டாமல் தனித்துத் திரிந்த காலம் அது. தனி எலக்ட்ரான் ஒளியை எளிதாகத் திசைமாற்றிவிடும். ஒரு ஒளித்துகள் கொஞ்ச தூரம் போவதற்குள் ஒரு எலக்ட்ரானில் மோதும், வேறு திசையில் தெறிக்கும், மறுபடி மோதும். மார்கழிப் பனிமூட்டத்தில் வண்டியின் முகப்பு விளக்கு தெருவைக் காட்டாமல் வெள்ளையாகப் பரவி நிற்குமே, பிரபஞ்சம் முழுக்க அந்த நிலைமைதான். இந்தச் சிறைவாசம் 3,80,000 ஆண்டுகள் நீடித்தது.

சிறையில் இருந்த காலத்தில் ஒளி சும்மா இருக்கவில்லை. அதற்கு அழுத்தம் உண்டு. எங்கெல்லாம் பொருள் சற்றே அடர்ந்து குவிந்ததோ அங்கெல்லாம் ஈர்ப்பு உள்ளே இழுத்தது, ஒளியின் அழுத்தம் வெளியே தள்ளியது. இந்த இழுபறியில் அலைகள் கிளம்பின. அவை சரியான அர்த்தத்தில் ஒலியலைகள். ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் அந்தக் கொதிக்கும் குழம்புக்குள் பரவின. அடர்ந்த ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு கோள அலை விரிந்துகொண்டே போனது. ஒளி விடுதலையானதும் தள்ளுவதற்கு ஆள் இல்லாமல் அந்த அலைகள் இருந்த இடத்திலேயே உறைந்துவிட்டன. உறைந்த அந்த வளையங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரபஞ்சத்தின் முடிவைப் பற்றிப் பேசும்போது அவை தேவைப்படும்.

விடுதலை வந்தது வெப்பநிலை ஏறத்தாழ 3,000 கெல்வினுக்கு இறங்கியபோது. அதற்குக் கீழே எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் சேர்ந்து ஹைட்ரஜன் அணுவாக நிலைத்திருக்க முடியும். தனி எலக்ட்ரான்கள் தீர்ந்துபோக, வெளி தெளிந்தது. ஒளி நேர்கோட்டில் ஓடத் தொடங்கியது. அந்த நேரத்தில் பார்ப்பதற்கு ஒரு கண் இருந்திருந்தால், எல்லாத் திசையிலும் இடைவெளி இல்லாத ஒரு செம்மஞ்சள் பிரகாசம் தெரிந்திருக்கும்.

இன்று நம்மை வந்தடையும் ஆதி ஒளி அன்று நம்மிடமிருந்து சுமார் 4.2 கோடி ஒளியாண்டு தொலைவில்தான் புறப்பட்டது. நேராக வந்திருந்தால் 4.2 கோடி ஆண்டுகளில் வந்திருக்க வேண்டும். ஆனால் அது ஓடும் பாதையே நீண்டுகொண்டிருந்தது. இடைவெளி விரிய விரிய, போக வேண்டிய தூரமும் கூடியது. 4.2 கோடி ஒளியாண்டைக் கடக்க அதற்கு 1,380 கோடி ஆண்டுகள் ஆயின. அது புறப்பட்ட இடம் இப்போது 4,600 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் போய்விட்டது. பிரபஞ்ச விரிவு என்றதும் வெற்றிடத்துக்குள் பொருள்கள் சிதறி ஓடுவதாகப் பலர் மனத்தில் ஒரு படம் இருக்கிறது. ஆதி ஒளியின் பயணத்தைத் தொடர்ந்து பார்த்தால் அந்தப் படம் கலைந்துவிடும். விரிவது இடமேதான்.

இடத்தோடு சேர்ந்து ஒளியின் அலைநீளமும் நீண்டது. முப்பது, நாற்பது லட்சம் ஆண்டுகளுக்குள் செம்மஞ்சள் நிறம் மங்கிச் சிவந்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்குள் போய்விட்டது. சுமார் 1.5 கோடி ஆண்டில் பிரபஞ்சம் முழுவதும் நம் ஊரின் சாதாரண அறை வெப்பநிலையில் இருந்தது: 27 டிகிரி செல்சியஸ். எந்தத் திசையில் திரும்பினாலும் அதே இதமான சூடு. ஆனால் அனுபவிக்க ஒரு உயிர் இல்லை, நிற்க ஒரு கோள் இல்லை. பிறகு குளிர் ஏறியது. விண்மீன்கள் இல்லாத அந்த நீண்ட இருட்டைக் கடந்து ஆதி ஒளி வந்துகொண்டிருந்தது.

பத்து, இருபது கோடி ஆண்டுகளில் முதல் விண்மீன்கள் எரியத் தொடங்கின. அவற்றின் புற ஊதாக் கதிர்கள் ஹைட்ரஜன் அணுக்களை உடைத்து எலக்ட்ரான்களை மறுபடி வெளியேற்றின. பழைய சிறைக்காவலர்கள் திரும்பி வந்தார்கள் என்றாலும், இதற்குள் பிரபஞ்சம் விரிந்து அவர்கள் வெகு தூரம் தூரமாக நின்றார்கள். ஆதி ஒளித்துகள்களில் இருபதில் ஒன்றுதான் இரண்டாம் முறையாகத் தட்டுப்பட்டுத் திசைமாறியது. மற்றவை எதையும் தொடாமலே வந்தன. வழியில் பெரும் கேலக்ஸிக் கூட்டங்களின் ஈர்ப்பு அவற்றின் பாதையைச் சற்றே வளைத்தது. கூட்டங்களுக்கு நடுவே இருந்த கொதிக்கும் வாயு சிலவற்றுக்குக் கொஞ்சம் ஆற்றல் கொடுத்தது. அந்த வளைவையும் அந்தக் கொடையையும் இன்று அளந்து, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் எங்கெங்கே குவிந்திருக்கிறது என்று வரைபடம் போடுகிறார்கள்.

சூரியன் பிறந்தபோது ஆதி ஒளியின் வெப்பநிலை சுமார் 3.9 கெல்வின். இன்று 2.725 கெல்வின். அதாவது செல்சியஸ் கணக்கில் சுழியத்துக்குக் கீழே 270 டிகிரி. புறப்பட்ட நாளிலிருந்து அலைநீளம் ஏறத்தாழ 1,100 மடங்கு நீண்டு, மில்லிமீட்டர் அளவு நுண்ணலையாகிவிட்டது. ஒவ்வொரு ஒளித்துகளும் தன் ஆற்றலில் 1,100இல் ஒரு பங்கை மட்டும் வைத்திருக்கிறது. மீதி ஆற்றல் எங்கே போனது என்று கேட்கத் தோன்றும். பள்ளியில் படித்த ஆற்றல் அழியாமை விதி, விரியும் பிரபஞ்சத்தின் மொத்தக் கணக்குக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் அப்படி ஒரு உத்தரவாதத்தைத் தரவில்லை. எனக்கு இது பிரபஞ்சவியலின் மிகத் துணிச்சலான செய்தியாகப் படுகிறது. ஆனால் பாடப்புத்தகங்கள் இதை ஓரிரு வரியில் தாண்டிவிடுகின்றன.

இனி, பூமியில் இந்த ஒளிக்காக நடந்த ஆயத்தங்கள். அமெரிக்காவின் லோவல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் 1912 முதல் சுருள் நெபுலாக்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, அவற்றில் பெரும்பாலானவை நம்மை விட்டு விலகுவதைக் கண்டார். பெல்ஜியத்துப் பாதிரியாரும் இயற்பியலாளருமான ஜார்ஜ் லெமைத்ர் 1927இல் பிரபஞ்சம் விரிகிறது என்று கணக்கோடு எழுதினார். 1929இல் எட்வின் ஹபிள் தொலைவுக்கும் விலகும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை அளந்து காட்டினார். விரிவைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் ஓரிடத்தில் வந்து முடியும் என்று 1931இல் சொன்னவரும் லெமைத்ர்தான்.

இந்தக் கதையில் எனக்கு மனம் தாங்காத பகுதி 1948. இயற்பியலாளர் ஜார்ஜ் காமோவின் மாணவர் ரால்ஃப் ஆல்ஃபர், ஆரம்பச் சூட்டில் தனிமங்கள் எப்படி உருவாகியிருக்கும் என்று தன் முனைவர் பட்டத்துக்காகக் கணக்கிட்டார். அந்தக் கட்டுரையில் வேலையே செய்யாத ஹான்ஸ் பெதேயின் பெயரையும், ஆசிரியர் பெயர்கள் கிரேக்க எழுத்து வரிசைபோல ஒலிக்கட்டும் என்பதற்காகக் காமோவ் சேர்த்துவிட்டார். புகழ்பெற்ற இரண்டு பெயர்களுக்கு நடுவே இளைஞரின் உழைப்பு மறைந்துபோனது. அதே ஆண்டில் ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும் ஒரு படி மேலே போய், அந்த ஆரம்பச் சூடு இன்னும் ஆறி முடியாமல் பிரபஞ்சமெங்கும் ஏறத்தாழ 5 கெல்வினாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். பதினாறு ஆண்டுகள் கழித்துக் கண்டுபிடிக்கப்படப்போகும் ஒளியின் வெப்பநிலையை, காகிதத்தில் போட்ட கணக்கிலிருந்து, அவ்வளவு நெருக்கமாகச் சொல்லியிருந்தார்கள். அதைத் தேட யாரும் கிளம்பவில்லை. கண்டுபிடித்தவர்களுக்கும் அந்தக் கட்டுரை தெரியவில்லை. ஆல்ஃபருக்கு அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் கிடைத்தது 2007இல். உடல்நலம் குன்றிய அவருக்குப் பதிலாக மகன் போய் வாங்கினார். அடுத்த மாதம் ஆல்ஃபர் காலமானார்.

அதற்கும் முன்பு, 1941இல், கனடாவின் விக்டோரியா நகரில் ஆண்ட்ரூ மெக்கெல்லர் இந்த ஒளியைத் தொட்டே விட்டார். விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் சயனோஜன் மூலக்கூறுகள் விண்மீன் ஒளியில் விட்டுச்செல்லும் கருங்கோடுகளை அவர் ஆராய்ந்தார். யாருமில்லாத வெளியில் அந்த மூலக்கூறுகள் உறைந்து அடங்கிக் கிடக்க வேண்டும். அவை சுமார் 2.3 கெல்வின் சூட்டில் சுழன்றுகொண்டிருந்தன. எது அவற்றைச் சூடாக்குகிறது என்ற கேள்வியை அன்று யாரும் தொடரவில்லை. இயற்பியலில் தகவல் இல்லாமல் போவதைவிட, தகவல் வந்தும் அதை வாங்கிக்கொள்ளக் கோட்பாடு தயாராக இல்லாமல் போவது அதிகம் என்பதற்கு மெக்கெல்லரின் கோடுகள் ஒரு சான்று.

1964. நியூஜெர்சி மாநிலத்தின் ஹோம்டெல். பெல் ஆய்வகம், எக்கோ என்ற பலூன் செயற்கைக்கோளிலிருந்து திரும்பும் மெல்லிய சமிக்ஞைகளைப் பிடிக்கக் கட்டிய கொம்பு வடிவ ஆன்டெனா அங்கே இருந்தது. அதன் வாய் சுமார் ஆறு மீட்டர். செயற்கைக்கோள் வேலை முடிந்ததும் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்ற இரண்டு இளம் ஆராய்ச்சியாளர்கள் அதை வானொலி வானியலுக்காக வாங்கிக்கொண்டார்கள். பால்வீதியைச் சூழ்ந்த மெல்லிய வாயுவிலிருந்து வரும் கதிர்களை அளப்பது அவர்கள் திட்டம். அதற்கு முன் கருவியின் சொந்த இரைச்சலைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 7.35 சென்டிமீட்டர் அலைநீளத்தில் சோதித்தார்கள். எல்லாக் கணக்கும் போட்ட பிறகும் சுமார் 3.5 கெல்வின் மிஞ்சியது.

நியூயார்க் நகரத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தார்கள், மாற்றமில்லை. பகலிலும் இரவிலும் ஒரே அளவு. மாதங்கள் ஓடிப் பூமி சூரியனின் மறுபக்கம் போன பிறகும் அதே அளவு. ஆன்டெனாவின் இணைப்புகளில் எல்லாம் அலுமினிய நாடா ஒட்டினார்கள். கொம்பின் உள்ளே இரண்டு புறாக்கள் கூடு கட்டியிருந்தன, சுவரெல்லாம் எச்சம். புறாக்களைப் பொறிவைத்துப் பிடித்துத் தொலைவுக்கு அனுப்பினார்கள், அவை திரும்பி வந்துவிட்டன. எச்சத்தைத் துடைத்துச் சுத்தம் செய்தும் மிச்ச இரைச்சல் ஏறக்குறைய அப்படியே நின்றது. அந்தப் புறாப் பொறி இன்று வாஷிங்டனின் விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பலரும் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள். நான் இதை அறிவியல் நேர்மையின் பாடமாகவே பார்க்கிறேன். 3.5 கெல்வினை "கருவிக் கோளாறு" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுத் தங்கள் வேலையைத் தொடர்ந்திருக்கலாம். அவர்கள் தொடரவில்லை; எச்சத்தைத் துடைக்கக் கொம்புக்குள் ஏறினார்கள்.

ஒரு மணி நேரப் பயண தூரத்தில், பிரின்ஸ்டனில், ராபர்ட் டிக்கி தலைமையில் ஜிம் பீபிள்ஸ், பீட்டர் ரோல், டேவிட் வில்கின்சன் ஆகியோர் இதே ஒளியைத் தேடிக் கருவி கட்டிக்கொண்டிருந்தார்கள். பெர்னார்ட் பர்க் என்ற நண்பர் மூலம் பீபிள்ஸின் கணிப்பைக் கேள்விப்பட்ட பென்சியாஸ், டிக்கிக்குத் தொலைபேசியில் பேசினார். குழுவோடு அமர்ந்திருந்த டிக்கி பேசி முடித்துத் திரும்பி, நம்மை முந்திவிட்டார்கள் என்று சொன்னார். 1965இல் இரண்டு கட்டுரைகளும் ஒரே ஆய்விதழில் அடுத்தடுத்து வெளிவந்தன. பென்சியாஸும் வில்சனும் எழுதியது இரண்டே பக்க அளவு. அதில் பிரபஞ்சத்தின் பிறப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கூடுதல் வெப்பநிலை அளந்தோம், சாத்தியமான விளக்கம் பக்கத்துக் கட்டுரையில் இருக்கிறது, அவ்வளவுதான். 1978இல் இருவருக்கும் நோபல் பரிசு வந்தது. பீபிள்ஸுக்கு 2019இல் வந்தது. லெமைத்ர் 1966 ஜூனில் இறந்தார்; அதற்குச் சற்று முன்பு மருத்துவமனையில் இருந்த அவருக்கு இந்தச் செய்தி எட்டிவிட்டது என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

பழைய ஆன்டெனா டிவிகளில் நிகழ்ச்சி முடிந்த பிறகு திரை நிறையப் புள்ளிகள் துடிக்கும்; உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். அந்தத் துடிப்பில் நூற்றில் ஒரு பங்கு ஆதி ஒளி என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. தூர்தர்ஷன் காலத்தில் வளர்ந்த நாம் ஒவ்வொருவரும் பிரபஞ்சத்தின் தொடக்கத்தை வீட்டுக் கூடத்திலேயே பார்த்திருக்கிறோம்.

விண்ணிலிருந்து முழுமையாக அளக்க கோபி செயற்கைக்கோள் 1989 நவம்பரில் ஏவப்பட்டது. 1990 ஜனவரியில் அமெரிக்க வானியல் சங்கக் கூட்டத்தில் ஜான் மாதர் ஒரே ஒரு வரைகோட்டைத் திரையில் காட்டினார். வெறும் ஒன்பது நிமிட அளவீடு. சூடான பொருள் சமநிலையில் உமிழும் கதிரின் கோட்பாட்டு வளைவும், வானத்திலிருந்து வந்த அளவுப் புள்ளிகளும் பிரித்துப் பார்க்க முடியாதபடி ஒன்றின் மேல் ஒன்று படிந்திருந்தன. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முழுப் பிரபஞ்சமும் ஒரு காலத்தில் ஒரே சீரான சூட்டில் கொதித்தது என்பதற்கு அதைவிட நேரடியான ஆதாரம் கிடையாது. 1992இல் ஜார்ஜ் ஸ்மூட்டின் குழு அந்தச் சீரான சூட்டில் லட்சத்தில் ஒரு பங்கு ஏற்ற இறக்கம் இருப்பதைக் கண்டது. சற்றே அடர்ந்த அந்த இடங்களில்தான் பின்னாளில் கேலக்ஸிகள் திரண்டன.

இந்த ஒளி ஒரு காலத்தில் அதிகச் சூடாக இருந்தது என்றால் அதையும் சோதிக்கலாம் அல்லவா? புனேயின் ஐயூகா ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஆர். ஸ்ரீஆனந்த், பிரெஞ்சு விஞ்ஞானிகள் பத்ரிக் பெத்தீழான், செத்ரிக் லெது ஆகியோருடன் சேர்ந்து அதைச் செய்தார். 1,100 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்த ஒரு வாயு மேகத்தின் கார்பன் அணுக்களை, சிலியில் உள்ள பெரிய தொலைநோக்கியால் ஆராய்ந்தார்கள். மெக்கெல்லர் சயனோஜனில் பார்த்ததையே இவர்கள் கார்பனில் பார்த்தார்கள், ஆனால் என்ன தேடுகிறோம் என்று தெரிந்தே பார்த்தார்கள். அன்றைய சூடு 6 கெல்வினுக்கும் 14 கெல்வினுக்கும் இடையே இருந்தது என்று 2000ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். கோட்பாடு சொன்ன அளவு 9.1. ஒளி ஆறிக்கொண்டே வந்திருக்கிறது என்பதைப் பயணத்தின் நடுவிலேயே மடக்கிப் பிடித்துக் காட்டிய வேலை இது. இன்னும் பரவலாக அறியப்பட வேண்டியது.

2009இல் ஏவப்பட்ட பிளாங்க் செயற்கைக்கோள் எடுத்த படம்தான் இன்றைக்கும் அளவுகோல். அதில் ஏறத்தாழ ஒரு டிகிரி அகலத்தில் திரும்பத் திரும்பத் தெரியும் திட்டுகள், நான் முன்பு சொன்ன ஒலியலைகளின் தடம். அவற்றின் அளவையும் ஏற்ற இறக்கத்தையும் வைத்துப் பிரபஞ்சத்தின் வயதும் சரக்கும் கணக்கிடப்பட்டன. நாம் அறிந்த அணுப்பொருள் 5 சதவீதம், கரும்பொருள் சுமார் 27, மீதி 68 சதவீதம் கருஆற்றல்.

இந்தக் கருஆற்றலின் கையில்தான் ஆதி ஒளியின் எதிர்காலம். 1998இல் தொலைதூர விண்மீன் வெடிப்புகளை அளந்த இரண்டு குழுக்கள், விரிவு வேகம் குறையாமல் கூடிவருவதைக் கண்டன; அப்படிக் கூட்டும் ஒன்றுக்குத்தான் கருஆற்றல் என்று பெயர். சால் பெர்ல்மட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் ஆகியோருக்கு 2011இல் நோபல். விரிவு வேகமெடுக்கத் தொடங்கியது சுமார் 500, 600 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஆதி ஒளி தன் பயணத்தில் பாதிக்கு மேல் கடந்த பிறகு.

கருஆற்றல் இன்றிருக்கும் அளவிலேயே நின்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுவிடலாம். 10,000 கோடி ஆண்டுகளில் நம் பால்வீதி, ஆன்ட்ரொமீடா உள்ளிட்ட அண்டைக் கூட்டத்தைத் தவிர மற்ற கேலக்ஸிகள் எல்லாம் பார்வைக்கு அப்பால் போய்விடும். ஆதி ஒளியின் அலைநீளம் இன்னும் நூறு மடங்குக்கு மேல் நீண்டிருக்கும். முப்பது, நாற்பது ஆயிரம் கோடி ஆண்டுகளில் அது சில நூறு கிலோமீட்டரைத் தொடும். அந்த நீளத்துக்கு மேல் போன அலையை, விண்மீன்களுக்கு இடையே பரவியிருக்கும் மின்னேற்றத் துகள்கள் கேலக்ஸிக்குள் நுழையவே விடாமல் திருப்பி அனுப்பிவிடும். ஒரு லட்சம் கோடி ஆண்டுகளில் ஆதி ஒளியின் ஒரே ஒரு அலை பால்வீதியின் குறுக்களவைவிட நீளமாக இருக்கும்.

இயற்பியலாளர்கள் லாரன்ஸ் க்ராஸும் ராபர்ட் ஷெர்ரரும் 2007இல் எழுதிய கட்டுரை இதைத்தான் யோசிக்க வைக்கிறது. அந்தக் காலத்திலும் சிறிய செங்குள்ள விண்மீன்கள் எரிந்துகொண்டிருக்கும். அவற்றைச் சுற்றும் ஒரு கோளில் நம்மைவிடக் கெட்டிக்கார வானியலாளர்கள் இருக்கலாம். அவர்கள் தொலைநோக்கி கட்டுவார்கள், கவனமாக அளப்பார்கள், பொய் கலக்காமல் எழுதுவார்கள். தங்கள் கேலக்ஸி மட்டுமே பிரபஞ்சம், அது என்றென்றும் அசையாமல் இருந்துவருகிறது என்ற முடிவுக்கு வருவார்கள். விலகும் கேலக்ஸி எதுவும் கண்ணில் படாது, ஸ்லைஃபருக்கு வேலையில்லை. ஆன்டெனாவில் எந்த மிச்சமும் வராது, பென்சியாஸுக்கும் வேலையில்லை. முறையான அறிவியல், முழு நேர்மை, தவறான விடை. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. நம் காலத்துக்குள்ளேயே மறைந்துவிட்ட சாட்சி ஏதாவது இருந்து, அதனால் நாமும் எதையோ உறுதியாகத் தவறாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோமா? கேட்பதற்கு வழியில்லாத கேள்வி; இருந்தும் கேட்க வேண்டிய கேள்வி.

கருஆற்றல் காலப்போக்கில் அடர்ந்துகொண்டே போனால் வேறு முடிவு: கேலக்ஸிகள், பிறகு விண்மீன் குடும்பங்கள், கடைசியில் அணுக்களும்கூடக் கிழிபடும். இதற்கு ஆதரவான அளவீடு வலுவாக இல்லை.

மூன்றாவது சாத்தியம், கருஆற்றல் தேய்ந்து, பின்பு திசையும் மாறி, விரிவு நின்று எல்லாம் சுருங்கத் தொடங்குவது. அப்போது ஆதி ஒளி வந்த வழியே திரும்பும். அலைநீளம் குறையும், சூடு ஏறும். நுண்ணலை அகச்சிவப்பாகும், மறுபடி ஒரு காலம் வெளியெங்கும் அறை வெப்பநிலை, பிறகு இரவு வானம் மங்கிய சிவப்பாகத் தெரியத் தொடங்கும், செம்மஞ்சளாகும். வானம் விண்மீன்களின் மேற்பரப்பைவிடச் சூடாகிவிட்டால் விண்மீன்களால் தங்கள் சூட்டை வெளியேற்ற முடியாது. அவை வெளியிலிருந்தே வெந்து கரையும். 3,000 கெல்வினைத் தாண்டியதும் அணுக்கள் உடைந்து எலக்ட்ரான்கள் வெளியேற, ஒளி மீண்டும் சிறைப்படும்.

சில ஆண்டுகள் முன்புவரை இந்த மூன்றாவதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. இப்போது பேச்சு மாறியிருக்கிறது. அரிசோனாவின் கிட் பீக் மலையில், டெசி என்ற கருவி ஐந்தாயிரம் கண்ணாடி இழைகளை ஒரே நேரத்தில் ஐந்தாயிரம் கேலக்ஸிகளை நோக்கித் திருப்பி அவற்றின் தொலைவை அளக்கிறது. அளவுகோலாக அது எடுத்துக்கொண்டிருப்பது ஆதி ஒளி சிறையிலிருந்தபோது தள்ளி உறையவைத்த அந்த வளையங்களை. விரிவோடு விரிந்து அவற்றின் ஆரம் இன்று சுமார் 49 கோடி ஒளியாண்டு. கேலக்ஸிகள் அந்த இடைவெளியில் சற்றே கூடுதலாகக் கூடியிருக்கின்றன. ஒவ்வொரு காலகட்டத்திலும் வளையம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று பார்த்தால் விரிவின் வரலாறு கிடைத்துவிடும். 2024 ஏப்ரலிலும் 2025 மார்ச்சிலும் வெளியான முடிவுகள், பிளாங்க்கின் படத்தோடும் விண்மீன் வெடிப்பு அளவீடுகளோடும் சேர்த்துப் பார்க்கும்போது, கருஆற்றல் மாறாத ஒன்று என்ற எண்ணத்தைவிட அது வலுவிழந்து வருகிறது என்பதோடு நன்றாகப் பொருந்துகின்றன. அதற்காக நாளைக்கே பிரபஞ்சம் சுருங்கும் என்று பொருளில்லை. வலுவிழந்தாலும் விரிவு என்றென்றும் தொடரலாம். கணிப்புக்கு அடியிலிருந்த தரை அசைகிறது என்பது மட்டும் நிச்சயம்.

சான்றின் வலு, எந்த வெடிப்புத் தொகுப்போடு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8 சிக்மாவிலிருந்து 4.2 சிக்மா வரை வருகிறது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க இயற்பியலாளர்கள் கேட்பது 5. ஐரோப்பாவின் யூக்ளிட் விண்கலமும் சிலியில் புதிதாகக் கண் திறந்திருக்கும் வேரா ரூபின் தொலைநோக்கியும் வேறு வழிகளில் இதே கேள்வியை அளக்க இறங்கியிருக்கின்றன. டெசியின் கணக்கெடுப்பும் முடியவில்லை. அது இன்னும் வளையங்களை அளந்துகொண்டிருக்கிறது.